மகளிர் கிரிக்கெட்டுக்கு வெடிதிறன் பயிற்சி: எங்கே தொடங்குவது, எவ்வளவு செய்வது?

கேள்வி: மகளிர் கிரிக்கெட் அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வயது 16 முதல் 24 வரை. வாரம் நான்கு நாள் நெட்ஸ், அது முடிந்ததும் மைதானத்தைச் சுற்றி ஓட்டம், கடைசியில் கொஞ்சம் குதிக்கும் பயிற்சி. மூச்சு நன்றாகத் தாங்குகிறது. ஆனால் பந்தில் வேகம் ஏறவில்லை, அடித்த பந்து எல்லையைத் தாண்டுவதில்லை, இரண்டாவது ரன்னில் ரன் அவுட் ஆகிறார்கள். வெடிதிறன் பயிற்சியை முறையாகத் தொடங்கலாமா? பெண்களுக்கு அதனால் முழங்கால் போய்விடும் என்கிறார்களே? போட்டிகளுக்கு 8 வாரம் இருக்கிறது. ஜிம் வசதி அதிகம் இல்லை.

பதில்:

தாராளமாகத் தொடங்கலாம். வெடிதிறன் என்பது இருக்கும் பலத்தை மிகக் குறுகிய நேரத்துக்குள் வெளிக்கொண்டுவரும் திறன். 8 வாரத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் கிடைக்கும். முழங்காலைப் பொறுத்தவரை, சரியாகக் கற்றுக்கொடுத்தால் இந்தப் பயிற்சி அதைக் காப்பாற்றும். நீங்கள் எழுதியதில் என்னை உறுத்திய வரி ஒன்றுதான்: நெட்ஸ், அப்புறம் ஓட்டம், அதற்கும் அப்புறம் குதித்தல். அந்த வரிசையை அப்படியே தலைகீழாக மாற்றுங்கள். களைத்துப்போன கால்களை வைத்துக்கொண்டு வெடிதிறனை வளர்க்க முடியாது. மகளிர் அணிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழை இதுதான். வியர்வையும் மூச்சிரைப்பும் பயிற்சிக்கு அளவுகோலாகிவிடுகின்றன. இந்தப் பயிற்சிக்கோ வேகம் மட்டும்தான் அளவுகோல். வேகம் குறைந்துவிட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்த வேண்டும்.

கிரிக்கெட் மணிக்கணக்கில் நடக்கிற ஆட்டம்தான். ஆனால் அதில் முடிவைத் தீர்மானிக்கும் கணங்கள் ஒரு விநாடிக்கும் குறைவானவை. மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் பந்து, ஒரு கிரீஸிலிருந்து மறு கிரீஸுக்கு உள்ள 17.68 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.6 விநாடிதான் எடுக்கிறது. பார்த்து, முடிவெடுத்து, காலை நகர்த்தி, மட்டையைச் சுழற்றுவது எல்லாம் அதற்குள் நடந்தாக வேண்டும். வேகப்பந்து வீச்சாளரின் முன்கால் தரையில் ஊன்றும்போது உடல் எடையைப் போல நான்கைந்து மடங்கு விசை ஒரு கண்ணிமைப்பில் அந்தக் காலில் ஏறுகிறது. ரன் ஓடும்போது கிரீஸை நெருங்குகிறவர் விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு விநாடி மிச்சப்படுத்தினால் 60 சென்டிமீட்டர், அதாவது இரண்டடி. ரன் அவுட் ரீப்ளேக்களில் பெரும்பாலும் அதற்கும் குறைவான இடைவெளியைத்தான் மூன்றாவது நடுவர் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார். மைதானத்தைச் சுற்றி எத்தனை முறை ஓடினாலும் இந்தப் பத்தில் ஒரு விநாடி கிடைக்காது. ஓட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால் வருவது வேறு திறன்.

இந்தத் திறன் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பின்னால் சொல்லும் விதிகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன. ஒரு தசை தன் முழு பலத்தையும் வெளிக்கொண்டுவரச் சுமார் 0.3 விநாடியோ அதற்கு மேலோ ஆகும். ஆனால் ஓட்டத்தின் முதல் அடிகளில் பாதம் தரையில் இருப்பது 0.2 விநாடி அளவுக்குத்தான், முழு வேகத்தில் அதில் பாதிதான். ஆகவே எவ்வளவு பலம் இருக்கிறது என்பதைவிட, கிடைக்கும் அந்தச் சிறு நேரத்துக்குள் அதில் எவ்வளவு வெளியே வருகிறது என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

இதற்கு உடலில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. தசையும் தசைநாணும் வேகமாக இழுபட்டு உடனே சுருங்கினால், இழுபட்டபோது சேர்ந்த ஆற்றலும் நரம்பின் அனிச்சைத் தூண்டலும் அந்தச் சுருக்கத்துக்கு உதவுகின்றன. வீராங்கனைகளையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். குந்திய நிலையில் இரண்டு விநாடி அசையாமல் இருந்து ஒரு முறை குதிக்கட்டும். அப்புறம் நின்ற நிலையிலிருந்து சட்டென்று தாழ்ந்து, நிற்காமல் குதிக்கட்டும். இரண்டாவதில் சில சென்டிமீட்டர் கூடுதலாக எழும்புவார்கள். அந்தக் கூடுதல்தான் இந்த இழுப்பும் சுருக்கமும் தருவது. இரண்டுக்கும் நடுவே தாமதம் வந்தால் அது கரைந்துவிடும். சோவியத் ஒன்றியத்தில் யூரி வெர்கோஷான்ஸ்கி 1960களில் உயரத்திலிருந்து இறங்கி உடனே எகிறும் முறையை வளர்த்தெடுத்தார். அமெரிக்கப் பயிற்சியாளர் ஃப்ரெட் வில்ட் 1975-இல் இத்தகைய பயிற்சிகளுக்குப் பிளையோமெட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். பாதம் தரையில் கால் விநாடிக்கும் குறைவாக இருந்தால் அது வேகமான வகை, அதற்கு மேல் போனால் மெதுவான வகை என்று பிரித்துப் பேசுவார்கள். கிரிக்கெட்டுக்கு இரண்டுமே தேவை. ஓட்டமும் பந்துவீச்சில் கால் ஊன்றுவதும் முதல் வகை. நின்ற இடத்திலிருந்து கேட்சுக்கு எம்புவது இரண்டாவது வகை.

சரி, பெண்களுக்கு இது பொருந்துமா? தசை ஒன்றுதான், நரம்பு ஒன்றுதான், பயிற்சிக்கு உடல் பதில் சொல்லும் விதமும் ஒன்றுதான். தொடங்கிய நிலையிலிருந்து எத்தனை சதவீதம் முன்னேறுகிறார்கள் என்று பார்த்தால் பெண்கள் ஆண்களுக்குப் பின்தங்குவதில்லை. நான் பார்த்த வரை பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பல வீராங்கனைகள் பளுப் பயிற்சியை மிகத் தாமதமாகத்தான் தொடுகிறார்கள். சின்ன வயதில் குதிப்பதற்கும் தாவுவதற்கும் எறிவதற்கும் கிடைத்த வாய்ப்பும் குறைவு. 20 வயதில் ஒரு பெண் சரியாகக் குந்தி எழத் தெரியாமல் இருந்தால் அது அவளுடைய உடலின் குறை இல்லை, யாரும் கற்றுத்தரவில்லை என்பதுதான் உண்மை. அந்தப் பாக்கியை முதலில் தீர்த்துவிடுங்கள்.

வாய்ப்பு கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு பேரைச் சொல்லலாம். வெஸ்ட் இண்டீஸ் வீராங்கனை டியாண்ட்ரா டாட்டின் இளம் வயதில் ஈட்டி, வட்டு, குண்டு எறிந்து பதக்கம் வாங்கியவர். 2010 டி20 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 38 பந்துகளில் சதம் அடித்தார். மகளிர் டி20 சர்வதேசப் போட்டிகளில் அதுதான் முதல் சதம். எறிதல் போட்டிகள் எல்லாமே தரையிலிருந்து இடுப்பு வழியாகக் கைக்கு விசையைக் கடத்துகிற வேலை, சிக்ஸர் அடிப்பதும் அதே வேலைதான். இன்னொருவர் தென்னாப்பிரிக்காவின் ஷப்னிம் இஸ்மாயில். 2024 மார்ச்சில் மகளிர் பிரீமியர் லீக்கில் மணிக்கு 132.1 கிலோமீட்டரில் அவர் வீசிய பந்து, அன்றுவரை மகளிர் கிரிக்கெட்டில் பதிவான அதிகபட்ச வேகம். அப்போது அவருக்கு வயது 35.

முழங்கால் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, ஒதுக்கிவிடக் கூடாது. குதித்து இறங்குவதும் சட்டென்று திரும்புவதும் உள்ள விளையாட்டுகளில், முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்கிற ஜவ்வு கிழிவது பெண்களிடம் ஆண்களைவிடச் சில மடங்கு அதிகம். இடுப்பெலும்பு அமைப்பு, ஹார்மோன் என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். அவற்றையெல்லாம் ஒரு பயிற்சியாளரால் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது இறங்கும் விதம். முழங்காலை மடக்காமல் விறைப்பாக இறங்குவது, இறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்ந்து ஒன்றையொன்று நெருங்குவது, தொடையின் முன்தசை மட்டும் வேலை செய்து பின்னால் இருக்கும் ஹாம்ஸ்ட்ரிங் சும்மா இருப்பது என இந்த மூன்றும் ஜவ்வின் மேல் சுமையை ஏற்றுகின்றன. மூன்றையும் பயிற்சியால் திருத்தலாம். தரையிறங்கும் பயிற்சி, தசைவலு, சமநிலை, அளவான குதித்தல் ஆகியவை சேர்ந்த வார்ம்அப் திட்டங்கள் பெண்களிடம் இந்தக் காயத்தைக் கணிசமாகக் குறைத்திருக்கின்றன. ஆக, குதிக்கவே விடாமல் பாதுகாக்கிறோம் என்று வைத்திருக்கும் பெண்ணின் முழங்கால்தான், போட்டியில் முதல்முறை எம்பி இறங்கும்போது தயாராக இல்லாமல் மாட்டிக்கொள்கிறது.

அதனால் முதல் இரண்டு மூன்று வாரம் உயரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். இறங்குவதை மட்டும் கற்றுக்கொடுங்கள். ஒரு படிக்கட்டின் உயரத்திலிருந்து, சுமார் 20 சென்டிமீட்டரிலிருந்து, குதிக்காமல் வெறுமனே காலெடுத்து வைத்து இறங்கச் சொல்லுங்கள். பாதத்தின் முன்பகுதி முதலில் தொட்டு உடனே முழுப் பாதமும் படிய வேண்டும். இடுப்பு பின்னால் போக வேண்டும், முழங்கால் இரண்டாவது விரலின் நேருக்கு இருக்க வேண்டும், மார்பு சரியாமல் இருக்க வேண்டும். இறங்கிய நிலையிலேயே இரண்டு விநாடி சிலை மாதிரி நிற்கட்டும். எனக்குப் பிடித்த சோதனை காதால் செய்வது. கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். சத்தம் பெரிதாகக் கேட்டால் தசை வாங்க வேண்டிய அதிர்ச்சியை மூட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முன்னாலிருந்து செல்பேசியில் படம் எடுத்து அவர்களுக்கே காட்டுங்கள். முழங்கால் உள்ளே சாய்வதை வாயால் பத்து முறை சொல்வதைவிட, ஒரு முறை தன் கண்ணால் பார்த்தால் தானாகவே திருத்திக்கொள்கிறார்கள். இரண்டு காலில் பழகியதும் பக்கவாட்டில், அப்புறம் ஒற்றைக் காலில். கிரிக்கெட்டில் பெரும்பாலான தரையிறக்கம் ஒற்றைக் காலில்தான் நடக்கிறது.

இதே வாரங்களில் தசைவலுவுக்கு அடித்தளம் போடுங்கள். குந்தி எழும் ஸ்குவாட், ஒரு காலை முன்னால் எடுத்து வைத்துத் தாழும் லஞ்ச், இடுப்பிலிருந்து மடிந்து எழும் டெட்லிஃப்ட் வகை, ஒற்றைக் கால் குதிகால் உயர்த்தல், ஹாம்ஸ்ட்ரிங்குக்கு நார்டிக் பயிற்சி (முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை மெதுவாக முன்னால் சாய்ப்பது), வயிற்றுப் பகுதிக்குப் பக்கவாட்டுப் பிளாங்க் (பக்கவாட்டில் படுத்து முழங்கையில் உடலைத் தாங்கி நிற்பது). ஜிம் இல்லாவிட்டாலும் ஒற்றைக் கால் வகைகளும் முதுகுப் பையில் ஏற்றிய எடையும் முதல் 8 வாரத்துக்குப் போதும். உடல் எடையைப் போல ஒன்றரை மடங்கு எடையை ஸ்குவாட் செய்ய முடிந்தால்தான் பிளையோமெட்ரிக் தொடங்கலாம் என்று ஒரு பழைய விதி உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு யாரையும் காக்கவைக்காதீர்கள். சிறு துள்ளல்களுக்கு உடலைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கத் தெரிந்தாலே போதும். உயரத்திலிருந்து இறங்கி உடனே எகிறும் டெப்த் ஜம்ப்புக்கு மட்டும் நான் கண்டிப்பானவன். ஆண்கள் அணியின் காணொளியில் 75 சென்டிமீட்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு அப்படியே இறக்குமதி செய்ய வேண்டாம். உங்கள் அணியில் இந்த 8 வாரத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் யாருக்கும் தேவைப்படாது, பாதிப் பேருக்கு அந்தப் பயிற்சியே தேவைப்படாது.

இனி 8 வாரக் கணக்கு. வாரத்துக்கு இரண்டு நாள் போதும், நடுவில் குறைந்தது 48 மணி நேர இடைவெளி. வார்ம்அப் முடிந்த உடனே, நெட்ஸுக்கு முன்பே, 25 நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். அளவை நிமிடத்தில் கணக்கிடாமல், பாதம் தரையில் இறங்கும் எண்ணிக்கையில் கணக்கிட வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு 80 முதல் 100 வரை என்று பாடநூல்களில் இருக்கும். உங்கள் அணிக்கு நான் 50, 60-இல் தொடங்குவேன். முதல் 3 வாரம் தரையிறக்கமும் கணுக்கால் துள்ளல்களும் மட்டும். கணுக்கால் துள்ளல் என்பது முழங்காலை அதிகம் மடக்காமல், சூடான தரையில் கால் வைத்தால் எப்படிச் சட்டென்று எடுப்போமோ அப்படித் துள்ளுவது. பாதம் தரையில் தங்கும் நேரத்தைக் குறைக்க இதைவிட எளிய வழி தெரியவில்லை. 4-ஆம் வாரம் முதல் 6-ஆம் வாரம் வரை நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், பெட்டி மேல் தாவுதல், ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பக்கவாட்டுத் தாவல், தாழ்ந்த தடைகளைத் தொடர்ச்சியாகத் தாண்டுதல் என்று போய் எண்ணிக்கை 80 அளவுக்கு ஏறலாம். கடைசி இரண்டு வாரம் தீவிரம் கூடும், எண்ணிக்கை மறுபடியும் 60-க்கு இறங்கும். ஒற்றைக் கால் தாவல்கள், பவுண்டிங் (ஓடுவது போலவே, ஒவ்வொரு அடியையும் நீளமாகத் தாவி வைப்பது), தகுதியானவர்களுக்கு டெப்த் ஜம்ப். போட்டிக்கு முந்தைய வாரம் கால்கள் புதிதாக இருக்க வேண்டும்.

ஓய்வைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லாரும் கைவைப்பது அதில்தான். 5 தாவல் கொண்ட ஒரு செட்டுக்கு ஆகும் நேரம் 8 விநாடி என்றால், அடுத்த செட்டுக்கு முன் குறைந்தது ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கடினமான தாவல்களுக்கு இரண்டு மூன்று நிமிடம். தசைக்குள் உடனடி எரிபொருளாக இருக்கும் பாஸ்போகிரியாட்டின் மறுபடி நிரம்ப அவ்வளவு நேரம் பிடிக்கிறது, நரம்பு மண்டலமும் அந்த நேரத்தில்தான் தெளிகிறது. 15 பெண்கள் சும்மா நிற்பதைப் பார்க்கும் நிர்வாகிக்கு நேரம் வீணாவது போலத் தெரியும், உங்களுக்கே கைகள் பரபரக்கும். தாங்கிக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் சாதாரணமாக நடந்து கொண்டிருக்கட்டும், ஒருவர் தாவும்போது மற்றவர் முழங்காலைக் கவனித்துச் சொல்லட்டும். உயரம் குறைகிறது, சத்தம் கூடுகிறது, தரையில் பாதம் தங்குகிறது என்று தெரிந்ததும் மிச்சம் எத்தனை இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்க வேண்டாம். முதல் 3 வாரம் பொதுவானது. அதற்குப் பிறகு ஆட்டத்தில் அவரவர் வேலை என்னவோ அதற்கேற்பத் திருப்ப வேண்டும்.

மட்டையாளருக்கு முக்கியம் சுழற்சி. 2 அல்லது 3 கிலோ மெடிசின் பந்தை (பயிற்சிக்கான கனமான பந்து) இடுப்பருகே பிடித்து, பின்காலில் எடையேற்றி, இடுப்பு முதலில் திரும்ப, தோள் அதைத் தொடர்ந்து வர, சுவரை நோக்கி வீசுவது. பக்கத்துக்கு 5 வீச்சு, மூன்று செட். வலது, இடது இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். பந்து வேகமாகப் பறக்காமல் தொப்பென்று விழுந்தால் எடை அதிகம் என்று அர்த்தம், குறையுங்கள். மகளிர் சர்வதேசப் போட்டிகளில் எல்லைக்கோடு 55 முதல் 64 மீட்டர் தூரத்துக்குள் வைக்கப்படுகிறது. அந்தத் தூரத்தைத் தாண்டக் கையின் பலம் மட்டும் போதாது. இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே வரும் அந்தச் சின்னப் பின்தங்கலில்தான் மட்டையின் வேகம் பிறக்கிறது.

பந்துவீச்சாளருக்கு எச்சரிக்கை தேவை. ஒவ்வொரு பந்துக்கும் அவர் ஏற்கெனவே பின்காலில் ஒருமுறை, முன்காலில் ஒருமுறை பெரிய விசையோடு இறங்குகிறார். நெட்ஸில் 6 ஓவர் போட்டால் அது 36 பந்து, 72 தரையிறக்கம். அதற்கு மேல் 80 தாவல் ஏற்றினால் எலும்பு எங்கே போகும்? இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்குக் கீழ்முதுகில் வரும் விரிசல் கிரிக்கெட்டின் மிகப் பழைய துயரம். அதனால் அதிகம் பந்து வீசும் நாளில் அவர்களுக்குத் தாவல் இல்லை, மெடிசின் பந்து வேலை மட்டும். மற்ற நாளில், ஓடிவந்து ஒரு காலில் ஊன்றி முழங்கால் குழையாமல் தாங்கும் பயிற்சிக்கு முன்னுரிமை கொடுங்கள். முன்கால் உறுதியாக ஊன்றி நின்றால், ஓட்டத்தில் சேர்த்த வேகம் உடலின் மேற்பகுதிக்கும் கைக்கும் போகிறது. அந்தக் கால் குழைந்தால் வேகம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

விக்கெட் கீப்பருக்கும் ஃபீல்டருக்கும் பக்கவாட்டுத் தாவலும், எதிர்பாராத திசைக்கு முதல் அடி வைப்பதும். 2021-இல் நார்தாம்ப்டனில் இங்கிலாந்துக்கு எதிராக ஹர்லீன் தியோல் எல்லைக்கோட்டில் எம்பிப் பிடித்து, கோட்டைத் தாண்டுவதற்குள் பந்தை உள்ளே தட்டிவிட்டு, திரும்ப உள்ளே பாய்ந்து பிடித்த கேட்ச் நினைவிருக்கும். அதைப் பார்க்கும்போது எல்லாரும் முதல் எம்பலைத்தான் பார்க்கிறார்கள். இறங்கிய காலிலேயே சமநிலையை மீட்டு உடனே இரண்டாவது முறை பாய்ந்ததுதான் அந்தக் கேட்சின் உயிர். அதைத்தான் நாம் பழக்குகிறோம்.

ரன் ஓட்டத்துக்கு நீங்கள் கேட்ட பதில் வேகத்தில் பாதி, நிறுத்துவதில் மீதி. இரண்டு ரன் என்றால் 35 மீட்டருக்குச் சற்று மேல், நடுவில் ஒரு முழுத் திருப்பம். நேரம் கரைவது அந்தத் திருப்பத்தில்தான். வேகமாக வந்து, கடைசி மூன்று அடியில் இடுப்பைத் தாழ்த்தி, மட்டையைக் கிரீஸுக்குள் நீட்டி, தாழ்ந்த நிலையிலேயே திரும்பி, முதல் இரண்டு அடியில் தரையைப் பின்னால் தள்ளி எழ வேண்டும். பல வீராங்கனைகள் நிமிர்ந்த நிலையில் வந்து நிமிர்ந்த நிலையிலேயே திரும்புகிறார்கள். காரணம் சோம்பல் கிடையாது, வேகத்தை வாங்கி நிறுத்துவதற்குத் தொடையில் வலு போதவில்லை. அதனால் 5 மீட்டர் ஓடி இரண்டு அடியில் நிற்பது, 10 மீட்டர் ஓடி மூன்று அடியில் நிற்பது என்று நிறுத்துவதையே தனிப் பயிற்சியாகக் கொடுங்கள். வலப்பக்கம், இடப்பக்கம் இரண்டிலும் திரும்பப் பழக்குங்கள், பந்து போன பக்கத்தைப் பார்த்தபடி திரும்ப வேண்டுமே. கடைசி வாரங்களில் பேடு கட்டி, மட்டையோடு ஓட வையுங்கள். பேடு இல்லாமல் எடுத்த நேரம் போட்டியில் உதவாது.

பெண்களோடு வேலை செய்யும் பயிற்சியாளர்கள் பேசக் கூச்சப்படுகிற சில விஷயங்கள் இருக்கின்றன. பேசாமல் விட்டால் பாதிப்பு அவர்களுக்குத்தான். சரியான அளவில் இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிரா இல்லாமல் தாவல் பயிற்சி செய்வது வலி தரும். வலிக்குப் பயந்து உடலைக் குறுக்கிக்கொள்கிறவர் முழு வேகத்தில் எம்ப மாட்டார். இதைத் தேவையான உபகரணப் பட்டியலில் ஷூவுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். தாவும்போது சிறுநீர் கசிவது குதிக்கும் விளையாட்டுகளில் இளம் பெண்களுக்கும் நிறைய உண்டு. அதை மறைக்கத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியைப் பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மாதவிடாய் நாட்களில் பயிற்சி வேண்டாம் என்ற பொதுவிதி போடாதீர்கள். சுழற்சியின் கட்டத்துக்கும் திறனுக்கும் உள்ள தொடர்பு சராசரியாக மிகச் சிறியது என்றுதான் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் இரண்டாம் நாளில் நன்றாகத் தாவுவார், இன்னொருவருக்கு எழுந்து நிற்கவே முடியாது. அவரவர் குறித்து வைத்துக்கொள்ளட்டும், அன்றைக்கு எவ்வளவு என்பதை அவரிடமே கேளுங்கள். நான் உண்மையிலேயே கவலைப்படுவது மாதவிடாய் நின்றுபோகும்போது. பயிற்சி ஏறியது, சாப்பாடு ஏறவில்லை என்றால் உடல் முதலில் அணைத்து வைக்கும் விளக்குகளில் அதுவும் ஒன்று. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்த ஆற்றல் பற்றாக்குறையை ரெட்-எஸ் என்ற பெயரில் வரையறுத்தது. எலும்பு பலவீனமாகும், விரிசல் வரும், எவ்வளவு பயிற்சி செய்தாலும் வலு கூடாது. மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் தாவலை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். காரணமில்லாமல் சோர்வாக இருப்பவருக்கு இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பலன் வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆய்வகம் தேவையில்லை. முதல் நாள், 4-ஆம் வாரம், 8-ஆம் வாரம் என்று மூன்று முறை அளந்தால் போதும். நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டும் தூரம், மெடிசின் பந்தை வீசும் தூரம், 10 மீட்டர், 20 மீட்டர் ஓட்டம், மட்டையோடு இரண்டு ரன். எம்பும் உயரத்தைச் செல்பேசியின் ஸ்லோ மோஷனில் அளக்கலாம். பாதம் தரையை விட்ட கணத்துக்கும் திரும்பத் தொட்ட கணத்துக்கும் நடுவே உள்ள நேரத்தை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 9.81-ஆல் பெருக்கி, 8-ஆல் வகுத்தால் உயரம் மீட்டரில் கிடைக்கும். 0.45 விநாடி காற்றில் இருந்தால் சுமார் 25 சென்டிமீட்டர், 0.5 விநாடி இருந்தால் சுமார் 31. காற்றில் முழங்காலை மடக்கி இறங்கினால் நேரம் பொய்யாகக் கூடும், நேராக இறங்கச் சொல்லுங்கள். ஒருவரின் எண்ணை அவருடைய பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். பட்டியலைச் சுவரில் ஒட்டினால் கடைசியில் இருப்பவர் அடுத்த முறை வயிற்றுவலி என்று வராமல் இருப்பார்.

போட்டிகள் தொடங்கியதும் முழுவதுமாக விட்டுவிடக் கூடாது. வாரத்துக்கு ஒரு நாள், 30 முதல் 40 தாவல், போட்டிக்கு இரண்டு நாளாவது முன்பு. சேர்த்ததைக் காப்பாற்ற அது போதும்.

அணியில் 16, 17 வயதுப் பெண்கள் இருக்கிறார்களே, அவர்களையும் சேர்க்கலாம். அவர்கள் கற்றுக்கொள்ளும் வேகமும் அதிகம். வேகமாக உயரம் கூடிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு மட்டும் சில மாதம் கைகால் சொன்னபடி கேட்காது, முழங்காலுக்குக் கீழே வலியும் வரலாம். அவரைத் தரையிறக்கத்திலும் கணுக்கால் துள்ளலிலுமே வைத்திருங்கள், அடுத்த கட்டத்துக்கு அவசரப்படுத்த வேண்டாம். முழங்கால் வீங்கினாலும், கீழ்முதுகில் ஒரு பக்கம் மட்டும் வலித்தாலும், காலின் முன்னெலும்பில் விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலித்தாலும், வயது எதுவானாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.